வெயிலில் நரைத்த மரத்தளமும் அதற்கேற்ற சாயமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் அகலத்திற்கு ஓர் இடைவெளி உண்டு. இதுவே பாலக்காட்டுக் கணவாய். இக்கணவாயின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் அமைந்துள்ளது வடகரப்பதி ஊராட்சி. நிர்வாகத்தில் இது கேரளத்தைச் சேர்ந்ததெனினும், பேச்சு வழக்கிலும் பயிர்த் தொழிலிலும் எல்லைக்கு அப்பாலுள்ள கோவை மாவட்டத்துச் சிற்றூர்களினின்றும் இதனை வேறு பிரித்துக் காண்பது எளிதன்று. வானிலையும் அவ்வாறே. கேரள மாநிலத்தின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லி மீட்டர். மழைநிழலில் ஒதுங்கிய இக்கிழக்கு ஓரத்திற்குக் கிட்டுவதோ அதிற் பாதிக்கும் குறைவு. கோடையில் பாலக்காட்டுச் சமவெளியின் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதுண்டு. காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. கேரள மின்சார வாரியம் காற்றாலைகளை நிறுவ 1995-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்த இடம் இக்கணவாயிலுள்ள கஞ்சிக்கோடு என்பதே போதிய சான்றாகும்.

இத்தகைய வெயிலுக்கும் காற்றுக்கும் இடையே கூரையின்றிக் கிடக்கும் மரப்பலகைக்கு என்ன நேர்கிறது என்பதும், அதனை மீண்டும் செப்பனிட விரும்புவோர் எத்தகைய பூச்சைத் தேர்ந்தெடுத்தல் தகும் என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

பழைய நாட்டு வீடுகளில் இவ்வினா பெரும்பாலும் எழுந்ததில்லை. நம் தச்சர்கள் மரத்தை வெயிலினின்றும் காத்தது பூச்சினால் அன்று, கூரையின் இறவாரத்தினால். தூணும் உத்திரமும் கதவும் சன்னலும் தாழ்ந்திறங்கிய இறவாரத்தின் நிழலில் நின்றன. நூறாண்டு கடந்த தேக்குத் தூண்கள் இன்றும் எண்ணெய்ப் பளபளப்போடு நிற்பதற்கு இந்நிழலே முதற்காரணம். அண்மைக் காலத்தில் தோட்டங்களிலும் விருந்தினர் விடுதிகளிலும் வீட்டு முகப்பிலும் திறந்தவெளியில் அமைக்கப்படும் மரத்தளமோ இம்முறைக்கு முற்றிலும் மாறானது. அது வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. வடகரப்பதி அமைந்துள்ள அட்சரேகையில் சூரியன் ஆண்டிற்கு இருமுறை, அதாவது ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு மாதக் கடைசியிலும், உச்சிப்பொழுதில் நேர் தலைக்குமேல் நிற்கிறது. நிற்கும் தூண்மேல் அப்பொழுது வெயில் சாய்ந்தே விழும். கிடக்கும் பலகைமேல் செங்குத்தாக விழும். மழை பெய்தாலும் தூணில் நீர் வழிந்தோடிவிடும். பலகையில் தேங்கி நிற்கும்.

இரண்டொரு ஆண்டுகளில் தளம் நரைத்துவிடுகிறது. புதிதாக இருந்தபோது காணப்பட்ட தேன் நிறம் மறைந்து, சாம்பல் நிறம் பரவி, மேற்பரப்பில் நார்கள் எழுந்து, வெறுங்காலுக்கு உறுத்துகிறது. உரிமையாளர் கடைக்குச் சென்று பூச்சு கேட்கிறார். கடைக்காரர் மூன்று வகைத் தகரங்களை எடுத்து வைக்கிறார்: ஒன்று நிறமற்ற வார்னிஷ், மற்றொன்று கெட்டியான வண்ணப்பூச்சு, மூன்றாவது ‘ஸ்டெயின்’ எனப்படுவது. இம்மூன்றாவது பொருளுக்குத் தமிழில் பெயரிடுவது மொழிபெயர்ப்பாளருக்குச் சிறிது தொல்லை தருவதாகும். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘கறை’ என்பது. ஆனால் காசு கொடுத்துக் கறை வாங்குவோர் எவரும் இலர். துணியின் இழைக்குள் இறங்கி நிறம் ஏற்றுவதைச் சாயம் என்கிறோம். இதுவும் மரத்தின் இழைக்குள் இறங்குவதே. ஆதலின் இக்கட்டுரையில் ‘மரச்சாயம்’ என்றே இது வழங்கப்படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யுமுன், மரம் ஏன் நரைக்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம். மழையினால் நரைக்கிறது என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே.

மரம் மூன்று முக்கியப் பொருள்களாலானது. நார் நாராக நீளும் செல்லுலோஸ், அதனோடு பின்னிக் கிடக்கும் குறைச்செல்லுலோஸ், இவையிரண்டையும் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்பன அவை. லிக்னின் மரத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. செங்கற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து எத்தொழிலைச் செய்கிறதோ, அதனையே நார்களுக்கிடையே லிக்னின் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. சூரிய ஒளியிலுள்ள ஊதா கடந்த கதிர்களை அது மிகுந்த வேட்கையோடு உட்கொள்கிறது. உட்கொண்டவுடன் அதன் மூலக்கூறுகள் துண்டுபடுகின்றன. செல்லுலோஸ் இக்கதிர்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆகவே வெயில் முதலில் அழிப்பது சாந்தை, கற்களை அன்று.

துண்டுபட்ட லிக்னின் முதலில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் தோன்றும். அது நீரில் கரையக்கூடியது. அடுத்து வரும் மழை அதனைக் கழுவிச் செல்கிறது. பிணைப்பு இழந்த வெண்ணிறச் செல்லுலோஸ் நார்கள் மேலே எஞ்சி நிற்கின்றன; அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணங்கள் படிந்து கருமை ஏற்றுகின்றன. வெண்மையும் கருமையும் கலந்தே நாம் காணும் சாம்பல் நிறம். இதனால் வெயிலும் மழையும் கூட்டாளிகள் என்பது விளங்கும். ஆயினும் முதலடி கொடுப்பது வெயிலே. மழை குறைந்த வடகரப்பதியில் மரம் நீடித்து உழைக்குமென்று எண்ணுவது ஏன் பொருந்தாது என்பதற்கு விடை இதில் அடங்கியுள்ளது. அங்கே அழுகல் குறையலாம், நரை குறையாது.

இவ்வளவும் நிகழ்வது எவ்வளவு ஆழத்தில்? ஊதா கடந்த கதிர்கள் மரத்திற்குள் சுமார் 75 மைக்ரான், அதாவது ஒரு மில்லி மீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்களவே புகவல்லன. கண்ணுக்குப் புலனாகும் ஒளி 200 மைக்ரான் வரை செல்லக்கூடும். நரைத்த பலகையை இழைப்புளியால் ஒருமுறை இழைத்தால் அடியில் பழைய நிறம் வெளிப்படுவது இதனாலேயே. மென்மரங்களில் இவ்வாறு மேற்பரப்பு தேய்ந்து கழிவது நூறாண்டிற்கு 6 மில்லி மீட்டர் அளவே என்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாடிசன் நகரில் 1910-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வனப்பொருள் ஆராய்ச்சிக்கூடம் கணித்துள்ளது. காலடி படும் தளத்தில் தேய்வு இதனினும் மிகும். எனினும் நரைத்துவிட்டதால் மட்டுமே பலகை கெட்டுவிட்டதென்று கருதி அதனைக் கழற்றி எறிதல் வீண் செலவு.

பலகையை உண்மையில் கெடுப்பது வேறொன்று. மரம் ஈரத்தை வாங்கும்போது பருத்து, விடும்போது சுருங்கும். முற்றும் ஈரமான நிலையினின்றும் முற்றும் உலர்ந்த நிலையை அடையும்போது தேக்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டைநோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. தேக்கு இவ்வகையில் மிகவும் அடக்கமான மரம். பிற மரங்கள் பல இதனினும் மிகுதியாகச் சுருங்கும். 100 மில்லி மீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 18 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்குமாயின், பலகை ஏறக்குறைய 2 மில்லி மீட்டர் ஒடுங்கும். தென்மேற்குப் பருவத்தில் நனைந்தும், மார்கழி தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில் உலர்ந்தும் ஆண்டுதோறும் இவ்வாறு அசையும் பலகையின் மேல் எந்தப் பூச்சு நிற்கும்? இவ்வினாவே தேர்வின் உரைகல்.

வார்னிஷ் நிற்பதில்லை. மரத்தின் அழகை மறைக்காமல் பளபளப்பூட்டுவதால் மக்கள் இதனையே பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் ஒளி ஊடுருவும் பூச்சின் வழியே ஊதா கடந்த கதிர்களும் தடையின்றிச் சென்று, பூச்சிற்கு அடியிலுள்ள லிக்னினைத் துண்டாக்குகின்றன. பூச்சு பற்றிக்கொண்டிருந்த மேல்நார்களே பிடிப்பற்றுப் போகும்போது, வார்னிஷ் மட்டும் எதைப் பற்றி நிற்கும்? அது செதில் செதிலாக உரிகிறது; உரிந்த செதிலின் அடிப்பக்கத்தில் மரநார்கள் ஒட்டிக்கொண்டு வருவதைக் காணலாம். மேலும் பலகை அசையும்போது படலம் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் புகுந்து, வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. மீண்டும் பூச வேண்டுமெனில் பழையதை முழுவதும் சுரண்டியெடுத்த பின்னரே பூச இயலும். அக்கூலி வார்னிஷின் விலையினும் மிகுதி. வீட்டினுள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் வார்னிஷ் மிகவும் ஏற்றது. திறந்தவெளித் தளத்திற்கு அதனைப் பரிந்துரைப்பது கூடாது என்பதே இக்கட்டுரையாளரின் முடிவு.

கெட்டியான வண்ணப்பூச்சு ஒளியை முற்றிலும் தடுக்கிறது. ஆகவே சுவர்ப் பலகைக்கும் வேலிக்கும் அதுவே சிறந்த காப்பு. தளத்தில் மட்டும் அது தோல்வியுறுகிறது; படலமாக நிற்பதாலும், காலடியில் தேய்வதாலும், வெடிப்பில் நீர் தங்குவதாலும் வார்னிஷுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்கிறது.

எஞ்சியிருப்பது மரச்சாயம். இது உலர்ந்து கடினமாகும் எண்ணெயோ பிசினோ கலந்த நீர்மத்தில் நுண்ணிய நிறமிகளைக் கலந்து செய்யப்படுவது. மேலே படலமாக நில்லாமல் மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. உரிவதற்குப் படலம் இல்லை. ஆகவே அது உரிவதில்லை, மெல்லத் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் கழுவி உலர்த்தி மறுபடியும் பூசினால் போதும். மேற்சொன்ன மாடிசன் ஆராய்ச்சிக்கூடத்தார் 1950-களில் ஆளிவிதை எண்ணெய், பாரஃபின் மெழுகு, பூஞ்சணக்கொல்லி, இரும்பு ஆக்சைடு நிறமி ஆகியவற்றைக் கூட்டி ஒரு சாயத்தை உருவாக்கினர். ‘மாடிசன் வாய்பாடு’ என்று அது பெயர் பெற்றது. அதிற் சேர்க்கப்பட்டிருந்த பென்டாகுளோரோஃபீனால் என்னும் பூஞ்சணக்கொல்லி மாந்தருக்கும் சுற்றுச்சூழலுக்கும் தீங்கானதெனப் பின்னர் அறியப்பட்டு, 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அவ்வாய்பாட்டின் அடிப்படைக் கருத்து இன்றும் மாறவில்லை. எண்ணெய் இறங்க வேண்டும். மெழுகு நீரை விலக்க வேண்டும். நிறமி வெயிலை ஏற்க வேண்டும்.

நிறமியே இங்கு உயிர்நிலை. சாயத்திற்கு நிறமூட்டுவது அழகிற்காக மட்டும் என்று எண்ணலாகாது. இரும்பு ஆக்சைடு ஊதா கடந்த கதிர்களை விழுங்கி, லிக்னினுக்கு எட்டாதபடி செய்துவிடும் இயல்புடையது. தான் அதனால் கெடுவதுமில்லை. இது நமக்குப் புதிய பொருளும் அன்று. கோயில் மதிற்சுவரில் வெள்ளைக் கோட்டினருகே தீட்டப்படும் காவியும், மார்கழிக் கோலத்தைச் சுற்றி இழுக்கப்படும் செம்மண் பட்டையும் இரும்பு ஆக்சைடின் வடிவங்களே. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றும் காவி வெளுக்காதது ஏன் என்று கேட்போருக்கு இதுவே விடை. எனினும் கடையில் விற்கும் காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசினால் சாயமாகிவிடாது. அதன் துகள்கள் பருமனானவை. துளைக்குள் இறங்காமல் மேலே சேறுபோல் நிற்கும். நல்ல சாயத்தில் இத்துகள்கள் ஒரு மைக்ரானில் பத்திலொரு பங்கிற்கும் குறைவாக நுணுக்கப்பட்டிருக்கும். அந்த அளவில் அவை கண்ணுக்கு ஏறத்தாழ ஒளிபுகும் பொருளாகவும், ஊதா கடந்த கதிர்களுக்குச் சுவராகவும் விளங்குகின்றன. துத்தநாக ஆக்சைடு போன்ற பிற நுண்துகள்களைக் கொண்டு மரப்பரப்பை ஒளியினின்றும் காக்கும் ஆய்வுகள் பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் நடைபெற்றுள்ளன.

ஆகவே நிறமற்ற சாயம் வாங்குவது பெரும்பாலும் பயனற்றது. அது நீரை விலக்கும், நரையை விலக்காது. அவ்வாறாயின் மிகக் கருத்த நிறமே மிக நல்லதா? விஞ்ஞான நோக்கில் நிறமி மிகுந்தால் காப்பும் மிகும் என்பது உண்மை. ஆனால் வடகரப்பதியின் சித்திரை வெயிலில் கருநிறத் தளத்தின்மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். கருநிறம் வெப்பத்தையும் உட்கொள்கிறது. பலகை காய்ந்து, வெடிப்பும் மிகுகிறது. குழந்தைகளும் முதியோரும் நடமாடும் இடத்தில் இதனைக் கவனியாது விடலாகாது. தேன் நிறத்திற்கும் காவிப் பழுப்பிற்கும் இடைப்பட்ட நடுத்தர நிறமே இரு தேவைகளையும் ஓரளவு நிறைவு செய்யும். நிறத்தைக் கடையிலுள்ள அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், தளத்தின் ஒரு மூலையில் ஓரடி நீளத்திற்குப் பூசி உலர்த்திப் பார்த்தல் நன்று. நரைத்த மரம் புது மரத்தினும் மிகுதியாகச் சாயத்தைக் குடிக்கும். அட்டையிற் கண்ட நிறம் அதன்மேல் இரு மடங்கு கருத்துத் தோன்றலாம்.

எண்ணெய்க் கலவையா, நீர்க் கலவையா என்ற வினாவும் உண்டு. நீரிற் கரைத்த சாயங்களில் நெடி குறைவு; விரைவில் உலரும்; தூரிகையை நீரிலேயே கழுவலாம். ஆனால் அவ்விரைவே இவ்வூரில் குறையாகிறது. வெப்பக் காற்றில் நீர் ஆவியாகிவிடுவதால் சாயம் இறங்குமுன்னரே மேலே உறைந்துவிடும். உலர்ந்து வறண்ட பழம்பலகைக்கு எண்ணெய்ச் சாயமே மிகுதியாகப் பொருந்தும்.

இங்கு ஒரு மாற்று யோசனை எழக்கூடும். சுற்றிலும் தென்னந்தோப்புகள் உள்ளனவே. தேங்காய் எண்ணெயையே பூசினால் என்ன? இதற்கு இரசாயனம் தெளிவான விடை தருகிறது. எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகித் திடமாவதற்கு அதன் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்திருத்தல் வேண்டும். இதனை அயோடின் எண் என்னும் அளவால் குறிப்பர். ஆளிவிதை எண்ணெயின் அயோடின் எண் 170-க்கு மேற்பட்டது. தேங்காய் எண்ணெயினுடையது ஏறக்குறைய 10. தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் உலராது. பிசுபிசுத்துக் கணவாய்க் காற்றின் புழுதியையெல்லாம் ஏந்திக்கொள்ளும். கடலை எண்ணெயும் வேப்பெண்ணெயும் அயோடின் எண்ணில் இதற்கு மேற்பட்டனவாயினும் ஆளிவிதை எண்ணெயைப்போல் இறுகுவன அல்ல. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் வேறு இனம். கயிற்றால் தைத்துக் கட்டப்படும் கேரளத்துக் கெட்டுவள்ளங்களின் ஆஞ்சிலிப் பலகைகளுக்கு முந்திரியினின்றும் பெறும் கரிய பிசினே காப்பாகப் பூசப்பட்டு வந்துள்ளது. அது நீரை நன்கு விலக்கும். ஆனால் நிறம் கன்னங்கரியது. காய்ச்சாத எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் எழும். படகின் அடிப்பலகைக்கு ஏற்றது, அமர்ந்து பேசும் தளத்திற்கு ஏற்றதாகாது. லாரிப் பட்டறைகளில் கழித்துவிடும் பழைய எஞ்சின் எண்ணெயை வேலிக்கால்களுக்குப் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதிலுள்ள உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் காலிலும் கையிலும் ஒட்டும். மழையில் கழுவப்பட்டு மண்ணிலும் கிணற்றிலும் சேரும். தளத்திற்கு அதனை எக்காரணம் கொண்டும் உபயோகிக்கலாகாது.

தளம் தேக்கினால் ஆனதெனில் மற்றொரு வழியும் உண்டு: ஒன்றும் பூசாமல் விடுதல். வடகரப்பதி அமைந்துள்ள அதே சித்தூர் தாலுகாவின் தென்கோடியில் பரம்பிக்குளம் காடு இருக்கிறது. அங்கே துணக்கடவின் அருகே நிற்கும் கன்னிமரத் தேக்கு, உலகின் மிகப் பெரிய தேக்கு மரங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. அக்காட்டின் மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டுசெல்லக் கொச்சி சமஸ்தானம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிராம் பாதையொன்றை அமைத்தது. 1963-இல் அது மூடப்பட்டது. மலபார்த் தேக்கின் புகழ் அதற்கும் முந்தியது. பம்பாய்க் கப்பற்கூடத்தில் மலபார்த் தேக்கினால் கட்டப்பட்டு 1817-இல் நீரில் இறக்கப்பட்ட ‘டிரிங்கோமாலி’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. தேக்கினாலான கப்பல் தளங்களுக்கு மாலுமிகள் பெரும்பாலும் எதையும் பூசுவதில்லை. கடல்நீரால் கழுவி, வெள்ளிச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடுவர். உப்புநீர் பூஞ்சணத்தைத் தடுத்துப் பலகையையும் ஈரப்பதத்தோடு வைத்துக்கொள்ளும். வறண்ட நிலத்தில் அவ்வசதி இல்லையாதலால் சிறு வெடிப்புகள் தோன்றும். எனினும் தேக்கின் உட்கட்டை உறுதியாகவே இருக்கும். நரைநிறத்தை வெறுக்காதவர்களுக்கு இதுவே மிகச் சிக்கனமான வழி. யூக்கலிப்டஸ், சவுக்கு, ரப்பர் போன்ற மரங்களுக்கு இவ்வுரிமை இல்லை. அவற்றிற்குச் சாயமும் போதாது. அறுத்த நிலையிலேயே கறையான், பூஞ்சணம் ஆகியவற்றிற்கு எதிரான காப்பு மருந்து ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். மரச்சாயம் வெயிலுக்கும் நீருக்கும் தடையே அன்றிக் கறையானுக்குத் தடை அன்று.

இனிச் செய்முறை. முதலில் பழம்பலகையைச் சோதிக்க வேண்டும். கூரிய கத்தி முனையைப் பலகையின் வெட்டுமுனையிலும், குறுக்குச் சட்டங்களின் மேல் அமரும் இடத்திலும் அழுத்திப் பார்த்தால், உறுதியான மரம் எதிர்த்து நிற்கும்; அழுகியது வெண்ணெய்போல் இடங்கொடுக்கும். அழுகிய பலகையை மாற்றாமல் அதன்மேல் எதைப் பூசினும் ஆபத்து. நடப்பவர் கால் உள்ளே புகும் நாள் தொலைவில் இல்லை. பழைய வண்ணப்பூச்சு இருந்து, அது 2017-ஆம் ஆண்டிற்கு முன் பூசப்பட்டதாயின், அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தை பத்து இலட்சத்தில் 90 பங்கிற்குள் அடக்கும் மத்திய அரசின் விதிகள் 2016-இல் வெளியிடப்பட்டு, அடுத்த ஆண்டின் நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்தன. அத்தகைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடலாகாது. குறிப்பாகச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில். நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்துப் பரப்பிலுள்ள செத்த நார்களை நீக்குதல். இது தேர்வினும் முக்கியமானது எனலாம். பிணைப்பற்ற நார்களின்மேல் பூசிய சாயம் அந்நார்களோடு உதிர்ந்துவிடும். இழைத்த புதுப்பலகையைச் சில வாரங்களே வெயிலில் கிடத்திவிட்டுப் பின்னர் பூசினாலும் பிடிப்பு குறைகிறதென்பது சோதனைகளில் கண்ட உண்மை. சோடியம் பெர்கார்பனேட் என்னும் பொடியை நீரில் கரைத்து, தும்புத் தூரிகையால் நாரின் போக்கிலேயே தேய்த்துக் கழுவினால் பூஞ்சணமும் நரையும் பெருமளவு நீங்கும். குளோரின் கலந்த வெளுப்புத்தூள் விரைவில் வெளுக்கச் செய்யுமேனும் நாரையே அரித்துவிடும். வாகனங்களைக் கழுவும் உயரழுத்த நீர்க்குழாயும் அவ்வாறே. மென்மையான மரப்பகுதியைத் தோண்டிப் பள்ளமாக்கிவிடும். இரும்பு ஆணிகளைச் சுற்றிக் கருநீலக் கறை படிந்திருப்பின், அது மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடி உண்டானது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதனை நீக்கும். இவ்வமிலம் நஞ்சு. கையுறையின்றித் தொடலாகாது, நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும், மீந்ததைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கழுவி உலர்ந்தபின் 60 அல்லது 80-ஆம் எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் போதும். கண்ணாடிபோல் வழவழப்பாக்கினால் துளைகள் அடைபட்டுச் சாயம் இறங்காது. நம் தச்சர்களில் திறமை மிக்கவரே இத்தவற்றைச் செய்ய இடமுண்டு. வழவழப்பே அவர்களுடைய தொழிற்பெருமை அன்றோ.

கழுவிய தளம் நன்கு உலர வேண்டும். உலர்ந்ததா என அறியச் சில துளி நீரைத் தெளித்தால், சில நிமிடங்களுக்குள் உறிஞ்சப்படுமாயின் பலகை சாயத்தை ஏற்கச் சித்தமாயுள்ளது எனக் கொள்ளலாம். துளி முத்துப்போல் நிற்குமாயின் பழைய பூச்சு இன்னும் உள்ளே இருக்கிறது. தேக்கில் மட்டும் இயற்கைப் பிசின்கள் மேலே கசிந்து, எண்ணெய் உலர்வதைத் தாமதப்படுத்தும். பூசுவதற்குச் சற்று முன் டர்பன்டைன் தோய்ந்த துணியால் துடைத்துவிடுவது நலம்.

பூசும் காலமும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை உச்சத்தை எட்டுவதற்கு இடைப்பட்ட வாரங்களே ஏற்றவை. ஆனால் அக்காலத்திலேதான் கணவாய்க் காற்று புழுதியோடு வீசுகிறது. காற்று அடங்கியிருக்கும் விடியற்பொழுதில், சுற்றியுள்ள தரையில் நீர் தெளித்துவிட்டு வேலையைத் தொடங்கி, பலகை கையில் சுடத் தொடங்குமுன் முடித்துவிடல் வேண்டும். இரண்டு மூன்று பலகைகளை ஒருசேர எடுத்து முனையிலிருந்து முனைவரை இடையில் நிறுத்தாது பூசினால் திட்டுத்திட்டாகத் தோன்றாது. வெட்டுமுனைகளில் நீர் பிற பாகங்களினும் பன்மடங்கு விரைவில் புகும். அங்கே சாயத்தை இருமுறை ஊட்ட வேண்டும். பூசிய 15 அல்லது 20 நிமிடங்களில் மேலே எஞ்சி நிற்கும் சாயத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கியதைத் துடைத்தெறிவதா என்று மனம் தயங்கும். ஆனால் துளைக்குள் இறங்காதது படலமாக உறைந்து, வார்னிஷைப்போல் உரியவே செய்யும்.

அத்துணியைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உலர்வது பிராணவாயுவோடு சேர்வதால் என்று மேலே கண்டோம். இச்சேர்க்கையில் உஷ்ணம் பிறக்கிறது. விரித்த பலகையில் அவ்வுஷ்ணம் காற்றோடு போய்விடும். எண்ணெய் தோய்ந்த கந்தைத் துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தாலோ, அது வெளியேற வழியின்றி உள்ளுக்குள் ஏறிக்கொண்டே சென்று, சில மணி நேரத்தில், தீக்குச்சி ஏதுமின்றித் தானாகவே பற்றி எரியும். உலகின் பல பாகங்களில் வீடுகளும் பட்டறைகளும் இவ்வாறு எரிந்துள்ளன. வைக்கோற்போரும் தென்னோலையும் அடுக்கிய தோட்டத்து வீட்டில், 40 டிகிரி வெயிலில் இவ்வபாயம் எத்தகையதென்று விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தவுடன் துணிகளை நீரில் அமிழ்த்த வேண்டும். அல்லது வெட்டவெளியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் தனித்தனியே விரித்துக் கல்வைத்து, விறைப்பாகும் வரை உலர்த்த வேண்டும்.

இவ்வாறு பூசிய தளம் ஓரிரு ஆண்டுகள் நிறம் மாறாது நிற்கும். வாசற்படியிலிருந்து நாற்காலி வரையுள்ள நடைபாதையே முதலில் வெளுக்கும். அங்கே மீண்டும் நீர்த்துளிச் சோதனையைச் செய்து, துளி உறிஞ்சப்படத் தொடங்கியதும் அப்பகுதியை மட்டும் கழுவி, மீதி வைத்த சாயத்தைப் பூசலாம். இதற்கென அரை லிட்டரளவு சாயத்தை இறுக மூடிய சிறு தகரத்தில் நிழலான இடத்தில் வைத்து, மேலே நிறத்தின் பெயரையும் பூசிய தேதியையும் எழுதி ஒட்டிவிட்டால், மறுமுறை கடைக்குச் சென்று அதே நிறத்தைத் தேட நேராது.